ஒரே பேடில் பல கிணறு: ஷேல் எண்ணெய் வயலில் கிணற்று இடைவெளியைத் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

ஷேல் (எண்ணெய் இறுகிக் கிடக்கும் அடர்ந்த பாறை) வயல்களில் ஏன் ஒரே பேடிலிருந்து (பல கிணற்று வாய்கள் சேர்ந்திருக்கும் தரைமேடை) பல கிணறு தோண்டுகிறார்கள் என்று கேட்டால், "துளையிடும் ரிக்கை நகர்த்தும் செலவு மிச்சம்" என்ற பதில்தான் உடனே வரும். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பாறைக்குள் இருக்கிறது. ஷேலில் ஒரு கிணறு உற்பத்தியைத் தொடங்கிவிட்டால் அதைச் சுற்றியுள்ள பாறையின் அழுத்தம் இறங்க ஆரம்பித்துவிடும். ஓரிரு ஆண்டு கழித்துப் பக்கத்தில் தோண்டும் கிணறு பெரும்பாலும் முதலாவது அளவுக்குத் தராது. ஆகவே ஒரு நிலத்துண்டில் எத்தனை கிணறு, எந்த அடுக்கில், எத்தனை அடி தள்ளி என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்து, அத்தனையையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோண்டி, பாறையை உடைத்து, திறந்துவிட வேண்டும். அதற்கு வசதி செய்துதரும் மேடைதான் பேட். அதனால் இந்த வழிகாட்டியில் பேட் ஆறாவது படியில்தான் வருகிறது.

உதாரணக் களமாக மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில் கிழக்குப் பகுதியான மிட்லண்ட் படுகையை எடுத்துக்கொள்கிறேன். வடக்கு டகோட்டாவின் பாக்கன், தெற்கு டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு என்று வேறு வயலுக்குப் போனால் எண்கள் மாறும். யோசிக்கும் வரிசை பெரும்பாலும் இதுவே.

படி 1: நிலத்தை அளந்து, விதியைப் படியுங்கள்

மேற்கு டெக்சாஸ் நிலவரைபடத்தில் சதுரம் சதுரமாகத் தெரிபவற்றில் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டில் ரயில்வே கம்பெனிகளுக்கு மாநிலம் நிலம் கொடுத்தபோது அளந்து பிரித்தவை. ஒரு சதுரத்துக்கு செக்‌ஷன் என்று பெயர். சுமார் 1 மைலுக்கு 1 மைல், 640 ஏக்கர். எண்ணெய்க்காரர்கள் இடைவெளியைப் பேசுவது இந்த அளவில்தான். "செக்‌ஷனுக்கு எட்டு" என்றால் 5,280 அடி அகலத்தில் ஓர் அடுக்கில் எட்டுக் கிணறு, அதாவது 660 அடிக்கு ஒன்று. ஆறு என்றால் 880 அடி. நான்கு என்றால் 1,320 அடி.

கிடையாகப் போகும் துளைக்கு லேட்டரல் என்று பெயர். தொடக்க காலத்தில் ஒரு மைல் லேட்டரல்தான் வழக்கம். இன்று இரண்டு மைல், அதாவது சுமார் 10,000 அடி சாதாரணம். மூன்று மைலும் தோண்டுகிறார்கள். செங்குத்தாக இறங்கும் பகுதியின் செலவு எப்படியும் ஆகப்போகிறது என்பதால், லேட்டரல் நீள நீள அடிக்கணக்கில் செலவு குறைகிறது. நம் உதாரணத்துக்கு வடக்குத் தெற்காக ஒட்டியிருக்கும் இரண்டு செக்‌ஷன், 1,280 ஏக்கர், இரண்டு மைல் லேட்டரல் என்று வைத்துக்கொள்வோம்.

டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுமதி தருவது ரயில்ரோடு கமிஷன். பெயரில் இன்னும் ரயில் இருந்தாலும், ரயில்வே தொடர்பான கடைசிப் பொறுப்பும் 2005இல் அதன் கையைவிட்டுப் போய்விட்டது. அதன் 37ஆம் விதி, பொது அளவாக, குத்தகை எல்லையிலிருந்து 467 அடியும், ஒரே அடுக்கில் கிணற்றுக்குக் கிணறு 1,200 அடியும் கேட்கிறது. பல வயல்களுக்குத் தனி விதி உண்டு. கிடைக்கிணறுகள் பெரும்பாலும் அந்தத் தனி விதிகளின்கீழ்தான் தோண்டப்படுகின்றன. உங்கள் வயலின் விதியை எடுத்துவைத்துக்கொண்டு பென்சிலைத் தொடுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதை எண்ணிலேயே பார்க்கலாம். 5,280 அடியை ஆறாக வகுத்து ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒரு கிணறு போட்டால், ஓரக் கிணறு எல்லையிலிருந்து 440 அடியில் விழும். 467 அடி பொருந்தும் வயலில் இது செல்லாது. இரு ஓரத்திலும் 467 அடி விட்டால் மிச்சம் 4,346 அடி. அதற்குள் ஆறு கிணறு என்றால் ஐந்து இடைவெளி, ஒன்றுக்கு சுமார் 869 அடி. 11 அடிதான் வித்தியாசம். ஆனால் இதே கணக்கை எட்டுக் கிணற்றுக்குப் போட்டால் 660 அடி சுமார் 621 அடியாகச் சுருங்கும். பேச்சில் வரும் இடைவெளியும் தரைக்கடியில் கிடைக்கும் இடைவெளியும் இப்படித்தான் விலகுகின்றன.

படி 2: அடுக்கு, திசை

மிட்லண்ட் படுகையின் நடுப்பகுதியில் மேலிருந்து கீழாக மிடில் ஸ்ப்ராபெர்ரி, ஜோ மில், லோயர் ஸ்ப்ராபெர்ரி, உல்ஃப்கேம்ப் ஏ, உல்ஃப்கேம்ப் பி என்று எண்ணெய் தரும் அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. இவற்றில் எவை ஒன்றோடொன்று பேசும் என்பதுதான் உங்கள் நிலவியலாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இடையில் ஃப்ராக் (நீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைப்பது) உண்டாக்கும் வெடிப்பைத் தடுக்கும் தடித்த பாறை இருந்தால் இரு அடுக்கையும் தனித்தனியாகத் திட்டமிடலாம். இல்லையென்றால் அவை கணக்கில் ஒரே அடுக்கு. ஒன்றை இன்று எடுத்து மற்றதை ஐந்தாண்டு கழித்து எடுப்போம் என்று விட்டுவைக்கக் கூடாது. லோயர் ஸ்ப்ராபெர்ரியையும் உல்ஃப்கேம்ப் ஏயையும் பலர் சேர்த்தே தோண்டுவது இதனால்தான்.

அடுத்தது திசை. ஃப்ராக் வெடிப்பு, பாறையில் கிடையாக அழுத்தும் விசை எந்தத் திசையில் மிக அதிகமோ அந்தத் திசையிலேயே ஓடும். லேட்டரல் அதற்குக் குறுக்காக இருந்தால்தான் ஒவ்வொரு வெடிப்பும் புதிய பாறையைத் தொடும். மிட்லண்ட் படுகையில் அந்த விசை ஏறத்தாழ கிழக்கு மேற்கு. ஆகவே கிணறுகள் ஏறத்தாழ வடக்குத் தெற்கு. மேற்கே டெலவேர் படுகைக்குப் போனால் இந்தப் பாடம் அப்படியே செல்லாது. அங்கே வடக்கிலிருந்து தெற்கே போகப் போக விசையின் திசையே திரும்புகிறது.

படி 3: எண்ணெய் எவ்வளவு தூரத்திலிருந்து வரும்?

இந்தத் தொழிலில் அதிகப் பணம் தொலைந்தது இந்தக் கேள்வியில்தான். ஃப்ராக் செய்யும்போது வெடிப்பு ஓடும் தூரம் வேறு, மணல் போய்த் தங்கும் தூரம் வேறு, மாதக்கணக்கில் எண்ணெய் வந்துகொண்டிருக்கும் தூரம் வேறு. மூன்றும் வரிசையாகக் குறைந்துகொண்டே போகும். வெடிப்பு ஆயிரம் அடி தாண்டியும் ஓடலாம். மணல் தாங்கிப் பிடிக்கும் பகுதி அதில் ஒரு சிறு பங்குதான். வெடிப்பு ஓடும் தூரத்தைப் பார்ப்பவர் கிணற்றைத் தள்ளித் தள்ளி வைப்பார். மணல் தங்கும் தூரத்தை மட்டும் பார்ப்பவர் நெருக்கி வைப்பார். இருவருமே பாதி சரி. அதுதான் சிக்கல்.

ஊகத்தைக் குறைக்க நேரடியாகவே போய்ப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. ரீகன் கவுண்டியில், அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவுடன், லரேடோ பெட்ரோலியத்தின் நிலத்தில் 11 கிடைக்கிணறுகளை ஃப்ராக் செய்துவிட்டு, உடைந்த பாறையின் ஊடாகவே சாய்வாக ஒரு துளை இறக்கி, சுமார் 600 அடிக்குப் பாறை மாதிரியை முழுசாக எடுத்தார்கள். அதில் நூற்றுக்கணக்கான ஃப்ராக் வெடிப்புகள் தெரிந்தன. கணினி மாதிரிகள் வரைந்த ஒழுங்கான ஒற்றைத் தகடுகள் அல்ல. கொத்துக் கொத்தாக, கிளைத்து, நெருங்கி. எல்லா வெடிப்பிலும் மணலும் இல்லை.

உங்கள் வயலில் இப்படித் துளையிட்டுப் பார்க்கப் பணம் கிடைக்காது. கையில் இருக்கும் வழிகள்: ஃப்ராக் நடக்கும்போது பக்கத்துக் கிணற்றில் அழுத்தமானி, கேசிங்குக்கு (கிணற்றுக்குள் இறக்கும் எஃகுக் குழாய்) வெளியே ஒட்டிய கண்ணாடி இழைக் கம்பி, நீரில் கலந்துவிடும் அடையாள ரசாயனம், நுண்ணதிர்வுப் பதிவு. ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் அழுத்தமானி என்பேன். மலிவு, பொய் சொல்வதும் குறைவு. நுண்ணதிர்வுப் படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பாறை எங்கே நொறுங்கியது என்றுதான் காட்டும், எண்ணெய் எங்கிருந்து வரும் என்று காட்டாது.

படி 4: கிணற்றுக்கு லாபமா, நிலத்துக்கு லாபமா?

தென்னந்தோப்பில் 25 அடிக்கு ஒரு கன்று என்பதை நெருக்கி வைத்தால் மரத்துக்கு மரம் காய் குறையும், தோப்பின் மொத்தக் காய் கொஞ்சம் கூடலாம். இங்கேயும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், கூடுதலாக வைத்த மரத்தை வெட்டிவிடலாம்; கூடுதலாகத் தோண்டிய கிணற்றுக்குப் போட்ட பணம் போனதுதான்.

கற்பனை எண்களை வைத்து ஒரு கணக்கு. ஒரு கிணற்றுக்குச் செலவு 80 லட்சம் டாலர். ஓர் அடுக்கில் நான்கு கிணறு தோண்டினால் ஒவ்வொன்றும் ஆயுள் முழுக்க 160 லட்சம் ஈட்டும். ஆறு தோண்டினால் 140 லட்சம். எட்டு தோண்டினால் 115 லட்சம்.

- நான்கு கிணறு: மொத்த வரவு 640 லட்சம், செலவு 320, மிச்சம் 320 லட்சம்.
- ஆறு கிணறு: வரவு 840, செலவு 480, மிச்சம் 360 லட்சம்.
- எட்டுக் கிணறு: வரவு 920, செலவு 640, மிச்சம் 280 லட்சம்.

கிணற்றுக்கு லாபம் பார்ப்பவருக்கு நான்கு நல்லது. நிலத்துக்கு லாபம் பார்ப்பவருக்கு ஆறு. மொத்த எண்ணெயைப் பார்ப்பவருக்கு எட்டு. பங்குதாரர் கூட்டத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆறிலிருந்து எட்டுக்குப் போகும்போது அந்த இரண்டு கிணறு கூட்டித் தரும் வரவு 80 லட்சம், அவற்றின் செலவு 160 லட்சம். சராசரியைப் பார்த்தால் எட்டுக் கிணறும் லாபத்தில்தான் இருக்கும். கடைசி இரண்டைத் தனியாகப் பார்த்தால்தான் நட்டம் தெரியும்.

இப்போது எண்ணெய் விலை கால் பங்கு இறங்கட்டும். மிச்சம் முறையே 160, 150, 50 லட்சம். ஆறைவிட நான்கு மேலே வந்துவிட்டது. சரியான இடைவெளி என்பது பாறை மட்டும் சொல்லும் எண் அல்ல. விலையும் சேர்ந்து சொல்வது. அதனால் கணக்கை ஒரே விலையில் போடாதீர்கள். குறைந்த விலையில் மோசமாகும் திட்டத்தைவிட, எந்த விலையிலும் சுமாராக நிற்கும் திட்டத்தையே நான் எடுப்பேன்.

2019இல் டெலவேர் படுகையில் கான்சோ ரிசோர்சஸ் நிறுவனம் "டாமினேட்டர்" என்ற பெயரில் 23 கிணறுகளை மிக நெருக்கமாக, சராசரியாகச் சுமார் 230 அடி இடைவெளியில் தோண்டியது. எதிர்பார்த்தது வரவில்லை. நிறுவனம் அதை வெளியே சொன்ன வேளையில் பங்கு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அந்தக் காலகட்டத்தில் வேறு நிறுவனங்களும் இடைவெளியை அகட்டத் தொடங்கியிருந்தன. முதல் சில வார உற்பத்தியில் இந்தக் குறை தெரியாது என்பதுதான் பலரை ஏமாற்றியது. நெருக்கமான கிணறும் ஆரம்பத்தில் தன் வெடிப்புக்கு ஒட்டிய எண்ணெயைத்தான் தருகிறது; அண்டைக் கிணற்றோடு பங்கு போடும் கட்டம் பிறகுதான் வரும்.

படி 5: பழைய கிணறு இருக்கிறதா என்று பாருங்கள்

குத்தகையைக் காப்பாற்றிக்கொள்ள முன்பு ஒற்றைக் கிணறு போட்டுவைத்த நிலங்கள் பெர்மியனில் ஏராளம். அதைத் தாய்க் கிணறு என்றும், பிறகு வருவதைப் பிள்ளைக் கிணறு என்றும் சொல்கிறார்கள். தாய்க் கிணறு எண்ணெயை எடுத்த பகுதியில் அழுத்தம் இறங்க, பாறையை இறுக்கும் விசையும் குறைந்திருக்கும். பிள்ளைக் கிணற்றின் ஃப்ராக் அந்தத் தளர்ந்த பக்கமே இழுபடும். புதிய பாறை இருக்கும் பக்கம் உடையாமல் நிற்கும், உங்கள் நீரும் மணலும் பழைய கிணற்றுக்குள் போய்ச் சேரும். தாய்க் கிணறு சில சமயம் மணலால் அடைத்துக்கொள்ளும். கேசிங் சேதமடைவதும் உண்டு.

செய்யக்கூடியவை: ஃப்ராக்குக்கு முன்பே தாய்க் கிணற்றை மூடி, அதற்குள் நீரைச் செலுத்தி அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவது; அதையே மறுபடி ஃப்ராக் செய்வது; அல்லது அதன் பக்கம் மட்டும் வழக்கத்தைவிட அகலமாக இடம் விடுவது. முதலாவது பழைய கிணற்றைக் காப்பாற்றும், புதிய கிணற்றுக்கு அது செய்யும் உதவி நிச்சயமில்லை. நிலம் தாராளமாக இருந்தால் மூன்றாவதையே செய்யுங்கள்.

படி 6: இப்போது பேடை வரையுங்கள்

கிணறுகளைக் குறுக்குவெட்டில் வரைந்தால், பல நிறுவனங்கள் அவற்றை நேர்கீழாக வைக்காமல் மேலடுக்கு, கீழடுக்கு மாற்றி மாற்றி வைப்பது தெரியும். பக்கவாட்டில் 440 அடி, உயரத்தில் 300 அடி தள்ளி வைத்தால் இரண்டுக்கும் நேர்தூரம் சுமார் 533 அடி. ஆனால் வெடிப்பு மேலும் கீழும் பரவுவதும் பக்கவாட்டில் பரவுவதும் ஒரே மாதிரியல்ல என்பதால் இந்த நேர்தூரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மேலே, கிணற்று வாய்கள் 20, 30 அடி இடைவெளியில் வரிசையாக நிற்கும். ரிக் தன் கால்களிலேயே சில மணி நேரத்தில் அடுத்த வாய்க்கு நகரும். ஒரு மைல் அகலத்தின் நடுவில் பேட் இருந்தால், ஓரக் கிணறு எல்லையிலிருந்து 467 அடிக்குப் போய்ச்சேர சுமார் 2,170 அடி பக்கவாட்டில் விலக வேண்டும். விலகலும் வளைவும் சேர்ந்தால் குழாய் உராய்வு கூடும், லேட்டரலின் கடைசி ஆயிரம் அடி சோதனையாகிவிடும். அந்நிலையில் ஒரே பெரிய பேடைவிட இரண்டு சிறிய பேட் மேல். வாய்களை ஒதுக்கும்போது ஓர வாய் ஓர இலக்குக்கு என்று கொடுங்கள். பாதைகள் குறுக்கே வெட்டக் கூடாது.

பேடின் அளவுக்கும் ஒரு எல்லை உண்டு. இன்று ஒவின்டிவ் என்று பெயர் மாறியிருக்கும் என்கானா, மிட்லண்டில் பல அடுக்குகளையும் ஒருசேரத் தோண்டும் "கியூப்" முறையைப் பிரபலமாக்கியது. பாறையைப் பொறுத்தவரை அது சரியான யோசனை. ஆனால் இருபது கிணற்றுக்கான பணம் முழுக்க மண்ணுக்குள் போய், முதல் பேரல் எண்ணெய் வர மாதங்கள் ஆகும். அதற்குள் விலை என்ன ஆகும் என்பது யார் கையிலும் இல்லை.

படி 7: தோண்டுவது

ஒரு கிணற்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். எல்லாக் கிணற்றின் மேற்பகுதியையும் முதலில் தோண்டி, நன்னீர் அடுக்குக்குக் கீழே வரை கேசிங் இறக்கி சிமென்ட் போடுங்கள். பிறகு எல்லாவற்றின் நடுப்பகுதி. கடைசியில் வளைவும் லேட்டரலும். துளையிடப் பயன்படும் சேற்றுக் கலவையையும் கருவிகளையும் கிணற்றுக்குக் கிணறு மாற்ற வேண்டியதில்லை. அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஆட்களின் வேகமும் கூடும்.

கவனம் வேண்டியது திசையில். துளையின் திசையைக் காட்டும் கருவி பூமியின் காந்தப்புலத்தைப் பார்த்துச் சொல்வது. 20 அடி தள்ளி இன்னொரு கிணற்றின் எஃகுக் குழாய் இருந்தால் அது குழம்பும். ஆகவே மேற்பகுதியில் காந்தப்புலத்தை நம்பாத கைரோ கருவி வேண்டும். லேட்டரலில் பிழை வேறு விதம். 10,000 அடி லேட்டரலில் திசை 1 பாகை தவறினால் கடைசி முனை சுமார் 175 அடி விலகும். அண்டைக் கிணறும் எதிர்ப்பக்கம் அதே அளவு தவறினால் 660 அடி என்று நினைத்த இடைவெளி முனையில் 310 அடி. உள்ளூர்க் காந்தப்புலத்தை அளந்து செய்யும் திருத்தத்துக்கு ஆகும் செலவு ஒரு கிணற்றின் செலவோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

படி 8: ஃப்ராக்

ஒரு கிணற்றில் ஒரு பகுதியை உடைக்கும்போதே இன்னொன்றில் அடுத்த பகுதிக்குத் துளை போட்டுத் தயார்செய்வது ஸிப்பர் முறை. பம்புகள் சும்மா நிற்காது. இரண்டு கிணற்றை ஒரே நேரத்தில் உடைப்பது சைமல் ஃப்ராக். இரண்டுக்கும் பேட் அவசியம்.

அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் தளவாடம் புரியும். அடிக்கு 50 பேரல் நீர், 2,000 பவுண்டு மணல் என்ற வழக்கமான அளவில், ஒரு 10,000 அடி லேட்டரலுக்கு 5 லட்சம் பேரல், அதாவது சுமார் 8 கோடி லிட்டர் நீரும், 9,000 டன்னுக்கு மேல் மணலும் வேண்டும். ஆறு கிணற்றுக்கு அதை ஆறால் பெருக்குங்கள். குளமும் குழாய் இணைப்பும் பேட் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அளவைக் கூட்டினால் வெடிப்பும் நீளும் என்பதால், ஃப்ராக் வடிவமைப்பை மாற்றிய பிறகு பழைய இடைவெளியை அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியாது. பக்கத்து நிலக்காரருக்கு முன்கூட்டித் தகவல் கொடுங்கள். அவர் தன் கிணறுகளை மூடிவைக்க அவகாசம் வேண்டும்.

படி 9: திறப்பதும் தண்ணீரும்

கிணறுகளைக் கூடிய மட்டும் சேர்த்தே திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாதக்கணக்கில் ஓடவிட்டால் அதுவே தாய்க் கிணறாகிவிடும். ஆனால் எல்லாவற்றின் உச்ச உற்பத்தியும் ஒரே வாரத்தில் வந்தால் அதற்கேற்ற பெரிய பிரிப்பான்களும் தொட்டிகளும் வேண்டும், ஓராண்டில் அவை பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வைச் சிறிதாக வைத்து, சில வார இடைவெளியில் வரிசையாகத் திறப்பது நடுவழி.

பெர்மியனில் ஒரு பேரல் எண்ணெயோடு மூன்று நான்கு பேரல் உப்புநீர் வருவது சகஜம். அதை மறுபடி ஃப்ராக்குக்குப் பயன்படுத்தலாம். மீதியை நிலத்தடியில் செலுத்துகிறார்கள். 2021இல் மிட்லண்டுக்கு அருகே கார்டன்டேல் பகுதியில் நிலநடுக்கங்கள் கூடியதால், அந்த ஆண்டு இறுதியில் ஆழமான அடுக்குகளில் கழிவுநீர் செலுத்துவதையே ரயில்ரோடு கமிஷன் அங்கே நிறுத்தச் சொன்னது. உப்புநீர் எங்கே போகும் என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் இல்லாமல் ரிக்கை வரவழைக்க வேண்டாம்.

படி 10: அடுத்த பேடுக்காக அளப்பது

எல்லாக் கிணற்றையும் மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து, மற்றவற்றில் அழுத்தம் எப்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சில மணி நேரத்தில் பலமாக இறங்கினால் கிணறுகள் நெருக்கம். பல நாள் ஆகியும் அசைவே இல்லையென்றால் இடையில் எண்ணெய் மிச்சம் கிடக்கலாம். திறந்த உடனே ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை செய்யுங்கள். வெடிப்புகள் மூடிக்கொண்டு தொடர்பு குறைவது இரண்டாவதில்தான் தெரியும்.

உற்பத்தியை ஒப்பிடும்போது ஓரக் கிணறுகளைச் சராசரியில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு ஒரு பக்கம்தான் போட்டி, மறுபக்கம் தொடாத பாறை; நல்ல எண் வருவது இயல்பு. நான்கு கிணற்றுப் பேடில் பாதி ஓரக் கிணறு, எட்டுக் கிணற்றுப் பேடில் கால் பங்கு. சின்ன சோதனைப் பேடில் கிடைத்த சராசரியை முழு நிலத்துக்கும் பெருக்கும்போது எண்ணெய் கூடுதலாகத் தெரிவதற்கு இது ஒன்றே போதும். உள்ளே இருபுறமும் அண்டைக் கிணறு உள்ளவற்றின் எண்ணைத் தனியாக எடுத்து, அதை வைத்தே படி 4இன் கணக்கை அடுத்த பேடுக்கு மறுபடி போடுங்கள்.